பின் சில்லில் ஓடும் காருக்கு வின்டர் டயர்: இரண்டு போதுமா?

வாசகர் கேள்வி:

அண்ணா, ஸ்காபரோவில் இருந்தவரை கொரோலா வைத்திருந்தேன். வீடு வாங்கி, ரொறன்ரோவுக்கு வடக்கே இருக்கும் பாரிக்கு வந்த பிறகு மச்சானிடமிருந்து 2012 பிஎம்டபிள்யூ 328ஐ ஒன்றை எடுத்தேன். நாலு சில்லும் இழுக்கும் மாடல் இல்லை, பின் சில்லு மட்டும்தான். 18 அங்குல ரிம். முன்னுக்கு 225, பின்னுக்கு 255 அகலத்தில் ரன்ஃப்ளாட் (காற்றுப் போனாலும் கொஞ்சத் தூரம் ஓடக்கூடிய) ஆல் சீசன் டயர் போட்டிருக்கிறது. போன மார்ச்சில் 400 நெடுஞ்சாலையிலிருந்து பேஃபீல்ட் வீதிக்கு இறங்கும் வளைவில், மெதுவாகத்தான் வந்தேன், கார் வால் வெட்டிப் பக்கவாட்டில் திரும்பி நின்றுவிட்டது. நல்ல காலம், பின்னால் யாரும் வரவில்லை. வேலை ரொறன்ரோ பக்கம் வோனில் என்பதால் வாரத்தில் ஐந்து நாளும் 400இல்தான் போய் வருகிறேன்.

இழுக்கிற சில்லு பின்னால்தானே, பின்னுக்கு மட்டும் இரண்டு வின்டர் டயர் போட்டால் காணும் என்கிறார் ஒரு நண்பர். இன்னொருவர் ஆல் வெதர் டயரும் டிக்கியில் இரண்டு மண் மூட்டையும் போதும் என்கிறார். மனைவி காரை விற்றுவிட்டு நாலு சில்லும் இழுக்கிற வண்டி எடுக்கச் சொல்கிறா. விளம்பரத்தில் பாவித்த வின்டர் டயர் ஒரு செட் மலிவாக வருகிறது, அதை எடுக்கலாமா? ஆணி வைத்த டயர் பற்றியும் சொல்லுங்கள்.

பதில்:

தம்பி, காரை விற்கத் தேவையில்லை. பின்னுக்கு மட்டும் இரண்டு டயர் போடவும் வேண்டாம். நான்கும் ஒரே பிராண்டு, ஒரே மாடல், ஒரே அளவில், பனிக்கும் ஐஸுக்கும் என்றே செய்த வின்டர் டயர் வாங்குங்கள். அளவு 225/50 ஆர் 17 (அகலம் 225 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 50 வீதம், ரிம் 17 அங்குலம்). கடைக்குப் போய்க் கேட்க இந்த ஒரு வரி போதும். ஆனால் காரணம் தெரிந்தால்தான், கடையில் கையிருப்பில் கிடக்கும் வேறொன்றை உங்கள் தலையில் கட்டப் பார்க்கும்போது மறுத்துச் சொல்ல முடியும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த இரண்டு டயர் யோசனை. பின்னுக்கு மட்டும் நல்ல டயர் போட்டால் கார் சுகமாகக் கிளம்பும், மேட்டில் சில்லு சுற்றிக்கொண்டு நிற்காது. அதில் சந்தேகமில்லை. ஆனால் பேஃபீல்டில் உங்களுக்கு வந்த சிக்கல் கிளம்புவதில் வந்ததா? வளைவில் வந்தது. கார் திரும்புவது முன் சில்லுகளால். நிற்பதும் பெரும்பாலும் அவற்றால்தான், ஏனென்றால் பிறேக்கை மிதித்ததும் பாரம் முன்னுக்குச் சாய்கிறது. முன்னுக்குக் குளிரில் இறுகிப்போன டயரும் பின்னுக்குப் புது வின்டர் டயரும் இருந்தால், ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் முறித்தாலும் கார் நேரே போய்க்கொண்டிருக்கும். பேஃபீல்ட் வீதி கெம்பன்ஃபெல்ட் குடாவை நோக்கிச் சரிவாக இறங்கும் வீதி. அங்கே சிவப்பு விளக்கு விழும் நேரத்தில் இந்தச் சோதனையைச் செய்து பார்க்க வேண்டாம். கொரோலா மாதிரிக் காருக்கு முன்னுக்கு மட்டும் இரண்டு போடுகிறவர்களுக்கு இதே வினை மறுபக்கமாக வரும்: முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் சுற்றிக்கொண்டு முன்னுக்கு வரும். இரண்டு கேட்டு என் கடைக்கு வருபவர்களுக்கு நான் போட்டுக்கொடுப்பதில்லை. வேறு கடைக்குப் போனால் போகட்டும்.

சரி, மெதுவாக வந்த கார் ஏன் சுழன்றது? நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் நெடுஞ்சாலை வேகத்திலிருந்து இறங்கி, வளைவுக்குள் வந்த பிறகு காலை அக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கொரோலாவில் இதனால் ஒன்றும் ஆகாது. காலை எடுத்ததும் எஞ்சின் பிடித்து நிறுத்தப் பார்ப்பது முன் சில்லுகளை, அதனால் மூக்கு கொஞ்சம் வெளியே போகும், அவ்வளவுதான். உங்கள் 328இல் அதே பிடிப்பு பின் சில்லுகளில் விழுகிறது. பாரம் முன்னுக்கு ஓடிவிட்ட அதே நொடியில், இலேசாகிப் போன பின் டயர்கள் வளைவையும் தாங்கி எஞ்சின் பிடிப்பையும் தாங்க வேண்டும். ஐஸ் மேல் இறுகிய ரப்பரால் இரண்டையும் தாங்க முடியாது. வால் வெட்டுகிறது. இனிமேல் வேகத்தை நேரான இடத்திலேயே குறைத்துவிட்டு, வளைவுக்குள் அக்சிலரேட்டரை இலேசாகப் பிடித்தபடி திரும்புங்கள். நல்ல டயர் போட்ட பிறகும் இந்தப் பழக்கம் வேண்டும்.

இதையெல்லாம் வைத்து உங்கள் காரைப் பனிக்கு ஆகாத கார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கொரோலாவில் எஞ்சின், கியர்பெட்டி எல்லாம் இழுக்கிற சில்லுகளின் மேலேயே உட்கார்ந்திருக்கும், அதனால் சாதாரண டயரோடும் சமாளித்துக் கிளம்பிவிடும். 328இல் பாரம் முன்னும் பின்னும் கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி; பற்றரியைக்கூட டிக்கிக்குள் வைத்திருக்கிறார்கள். கிளம்பும்போது கொரோலாவுக்குக் கொஞ்சம் பின்னால்தான், ஒப்புக்கொள்கிறேன். வளைவிலும் நிற்பதிலும் நான்கு டயரும் வேலையைச் சமமாகப் பகிர்ந்துகொள்கிற கார் இது.

மனைவி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நாலு சில்லும் இழுத்தால் கிளம்புவது சுகம், மூடப்பட்ட டிரைவ்வேயிலிருந்து வெளியே வருவது சுகம். ஆனால் பிறேக்கை மிதித்த பிறகு எல்லாக் காரும் நாலு சில்லுக் கார்தான். பனி கொட்டிய காலையில் 400 ஓரத்துப் பள்ளங்களில் கிடப்பவற்றைப் பாருங்கள், நாலு சில்லும் இழுக்கிற எஸ்யூவி நிறையவே கிடக்கும். சுகமாகக் கிளம்பியதை வைத்து, ரோட்டில் பிடிப்பு இருக்கிறது என்று ஓட்டுகிறவர் நம்பிவிடுகிறார். பின் சில்லுக் கார் அந்த விஷயத்தில் நேர்மையானது. ரோடு வழுக்குகிறது என்று வீட்டு வாசலிலேயே சொல்லிவிடும்.

இப்போது ரப்பர். ஆல் சீசன் டயரின் ரப்பர் கோடை வெயிலில் தார் ரோட்டில் தேயாமல் இருக்க வேண்டும் என்று கலக்கப்பட்டது. குளிர் 7 டிகிரி அளவுக்குக் கீழே இறங்க இறங்க அது இறுகத் தொடங்கும். மைனஸ் 15இல் நகத்தால் அழுத்திப் பாருங்கள், பிளாஸ்டிக் மாதிரி இருக்கும். வின்டர் டயரின் ரப்பரில் சிலிக்கா அதிகம், கலவையே வேறு. அந்தக் குளிரிலும் வளைந்து கொடுக்கும். அதன் மேற்பரப்பை உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு கட்டையிலும் பிளேடால் கீறியது போல நூற்றுக்கணக்கான மெல்லிய கீறல்கள் தெரியும். கடையில் இதை சைப் என்போம். ஐஸில் இந்தக் கீறல்களின் விளிம்புகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பிடிக்கும், மேலே இருக்கிற மெல்லிய தண்ணீர்ப் படலத்தையும் துடைத்தெடுக்கும். பெரிய பள்ளங்களில் பனி அடைத்துக்கொள்வதைப் பார்த்துச் சிலர் டயர் சரியில்லை என்று நினைக்கிறார்கள். அது அடைக்கத்தான் வேண்டும். பனியைப் பனிதான் நன்றாகப் பிடிக்கும்.

ஐஸ் மிக மோசமாக வழுக்குவது மைனஸ் 25இல் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பூச்சியத்துக்குப் பக்கத்தில், மைனஸ் ஒன்று இரண்டில்தான் மோசம், ஏனென்றால் மேலே தண்ணீர் இருக்கிறது. மார்ச் மாதப் பின்னேரங்கள் பாரியில் அப்படித்தான் இருக்கும். பகலில் உருகியது பொழுது சாய்ந்ததும் கண்ணுக்குத் தெரியாத ஐஸாகிறது. உங்கள் கார் சுழன்றது ஜனவரியில் இல்லாமல் மார்ச்சில் என்பது எனக்கு ஆச்சரியமில்லை.

டயரின் பக்கச்சுவரில் இரண்டு அடையாளங்கள் இருக்கும், இரண்டையும் ஒன்றாக நினைக்காதீர்கள். 'எம்+எஸ்' என்ற எழுத்துகள் சேறும் பனியும் என்பதைக் குறிக்கின்றன. அது பள்ளங்களின் அமைப்பைப் பார்த்து உற்பத்தியாளர் போடுகிற எழுத்து, அதற்காகப் பனியில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றில்லை. உங்கள் ஆல் சீசனிலும் அது இருக்கும். மூன்று சிகரம் உள்ள மலைக்குள் ஒரு பனித்துகள் வரைந்த சின்னம்தான் சோதனை செய்து வாங்கியது. கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அங்கே பதிவான கார்களுக்கு இந்தச் சின்னம் உள்ள டயர் கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயம் இல்லை. அதற்குப் பதிலாக, 2016 ஜனவரி 1 முதல் வின்டர் டயர் போட்டவர்களுக்குக் காப்புறுதி நிறுவனங்கள் கழிவு கொடுத்தே ஆக வேண்டும். பெரிய தொகை இல்லைதான், ஆனால் கேட்காவிட்டால் பெரும்பாலும் கொடுக்க மாட்டார்கள். பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு உங்கள் தரகருக்கு ஒரு போன் போடுங்கள்.

அந்த மலைச் சின்னத்துக்கும் ஓர் எல்லை உண்டு. இறுகிய பனியில் நேராகக் கிளம்பும்போது கிடைக்கும் இழுவையைத்தான் அந்தச் சோதனை அளக்கிறது. ஒப்பீட்டுக்கு வைத்த டயரின் இழுவை 100 என்றால் இதற்கு 110 வர வேண்டும். ஐஸில் பிறேக் பிடிப்பதையோ வளைவதையோ அது சொல்லாது. ஆல் வெதர் டயர்களுக்கும் (ஆல் சீசன் அல்ல, பனிக்கும் சேர்த்து வருடம் முழுக்க ஓட்டச் செய்தவை) இதே சின்னம் கிடைப்பது இதனால்தான். மிஷலின் கிராஸ்கிளைமேட், டோயோ செல்சியஸ் எல்லாம் நல்ல டயர்கள், நானே விற்கிறேன். ஸ்காபரோவில் இருந்து பஸ் தரிப்பிடம் வரைக்கும் கொரோலாவில் போய் வருகிற ஒருவர் கேட்டால், வருடம் முழுக்க அதையே போட்டுக்கொள்ளுங்கள் என்பேன். பாரியிலிருந்து பின் சில்லுக் காரில் தினமும் 400இல் ஓடுகிறவருக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். கோடையையும் தாங்க வேண்டும் என்பதற்காக அந்த ரப்பரைக் கொஞ்சம் இறுக்கமாகவே கலக்க வேண்டியிருக்கிறது. அந்த விட்டுக்கொடுப்பு வெளியே தெரிவது ஐஸில்தான்.

ஜோர்ஜியன் குடா உறையாமல் இருக்கும்வரை, குளிர்காற்று அதன் மேலாக வந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு பட்டை பட்டையாகக் கொட்டும். 400 வழியில் குக்ஸ்டவுனில் வெயில், இன்னிஸ்ஃபில்லில் முன்னால் போகிற காரின் விளக்கே தெரியாது. வெட்டவெளி வயல்களைத் தாண்டி வருகிற அந்த வெள்ளை இருட்டில் எந்த டயரும் உங்களைக் காப்பாற்றாது. அப்படியான நாளில் வேகத்தைக் குறைத்து, அடுத்த வெளியேறும் வழியில் இறங்கி ஒரு கோப்பி குடியுங்கள். இன்னொன்று, ரொறன்ரோவில் ரோட்டுக்குப் போடுகிற உப்பு மைனஸ் 12க்குக் கீழே மந்தமாகிவிடும். பிறகு பிடிப்புக்கு மண்ணைத்தான் தூவுவார்கள். பாரியின் பக்கத்துத் தெருக்களில் நீங்கள் பார்க்கப் போவது இறுகிய பனியும், சந்திகளில் சில்லுகள் சுற்றிச் சுற்றிப் பளபளப்பாக்கிய ஐஸும்.

வின்டர் டயரிலேயே இரண்டு சாதி உண்டு. பிஎம்டபிள்யூக்காரரைக் கண்டதும் சில கடைகளில் பைலட் ஆல்பின், சொட்டோசீரோ போன்ற வேக வகைகளைக் காட்டுவார்கள். காய்ந்த ரோட்டில் ஸ்டியரிங் கூர்மையாக இருக்கும், வேகக் குறியீடும் உயர்வு. உப்புப் போட்டுக் காய்ந்த ரொறன்ரோ ரோடுகளுக்கு அது பொருந்தும். உங்களுக்கு வேண்டியது மற்றச் சாதி, பனிக்கும் ஐஸுக்கும் என்றே செய்த ஆணியில்லாத வகை: மிஷலின் எக்ஸ்-ஐஸ் ஸ்னோ, பிரிட்ஜ்ஸ்டோன் பிளிசாக் டபிள்யூஎஸ் வரிசை, கொன்டினென்டல் வைக்கிங்கொன்டாக்ட், நொக்கியன் ஹக்கபெலீட்டா ஆர் வரிசை. ஹக்கபெலீட்டாவின் பெயரில் 'ஆர்' இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 'ஹக்கபெலீட்டா 10' என்று வெறும் எண்ணோடு வருவது ஆணி வகை. பின்லாந்துக்காரர் 1936இலேயே அந்தப் பெயரில் டயர் விற்கத் தொடங்கிவிட்டார்கள். இந்த நான்கில் எதை எடுத்தாலும் எனக்குச் சம்மதம். கையில் கிடைப்பதையும் விலையையும் பார்த்து முடிவு செய்யுங்கள், நான்குக்கும் இடையிலான வித்தியாசத்தை இரவிரவாக இணையத்தில் ஆராய வேண்டியதில்லை. ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: ஏப்ரலில் 10 டிகிரி வெயிலில் ஓடும்போது ஸ்டியரிங் கொஞ்சம் தளதளவென்று இருக்கும். அது டயரின் பிழை இல்லை.

பக்கச்சுவரில் கடைசியாக வருகிற எழுத்தைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். இந்த வகையில் ஆர், டி அல்லது எச் என்று இருக்கும். ஆர் என்றால் மணிக்கு 170 கிலோமீட்டர், டி என்றால் 190, எச் என்றால் 210. 400இல் அதற்கு மேல் போகிறவருக்கு டயர் ஆலோசனையைவிட வேறு ஆலோசனைதான் தேவை. பாரக் குறியீடு 94க்குக் குறையாமல் இருக்கட்டும். ஒரு டயர் 670 கிலோ தாங்கும் என்று அர்த்தம்.

இனி அளவு. இதில்தான் பலர் காசை வீணாக்குகிறார்கள். உங்கள் காரின் பின்னுக்கு இருக்கிற 255/40 ஆர் 18 பார்க்க அழகு, கோடையில் பிடிப்பும் அதிகம். பனியில் அகலமான டயர் மேலே மிதக்கப் பார்க்கும். ஒடுங்கிய டயர் அதே பாரத்தைச் சின்ன இடத்தில் அழுத்துவதால் பனியை வெட்டிக்கொண்டு கீழே இறங்கும். அதனால் முன்னும் பின்னும் 225. முன்பின் வேறு அகலம் என்றால் டயர்களை இடம் மாற்றவும் முடியாது. பின் சில்லுக் காரில் பின் டயர்தான் முதலில் தேயும். நான்கும் ஒரே அளவென்றால் ஒவ்வொரு வருடமும் முன்னதைப் பின்னுக்கும் பின்னதை முன்னுக்கும் மாற்றி, நான்கையும் ஒன்றாகத் தேயவைக்கலாம். மாற்றும்போது தேய்மானம் குறைந்த சோடி எப்போதும் பின்னுக்கு.

17 அங்குலம் ஏன் என்றால், 225/50 ஆர் 17 இந்தக் காருக்குத் தொழிற்சாலையே கொடுத்த அளவுகளில் ஒன்று. முழு விட்டம் 657 மி.மீ., இப்போது முன்னுக்கு இருக்கிற 225/45 ஆர் 18 சுமார் 660 மி.மீ. வேகமானி பொய் சொல்லாது. பக்கச்சுவர் சற்று உயரம் என்பதால் மார்ச் மாதக் குழிகளில் ரிம் வளைவதும் குறையும், டயரும் மலிவு. ஒரு எச்சரிக்கை: உங்கள் காரில் நீல நிறக் காலிப்பரோடு (பிறேக் தட்டைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) எம் ஸ்போர்ட் பிறேக் இருந்தால் 17 ரிம் உரசக்கூடும். டயர் ஏற்றுவதற்கு முன் வெறும் ரிம்மை முன் சில்லில் மாட்டி, கையால் ஒரு முறை சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். உரசினால் 18 ரிம்மிலேயே நான்கும் 225/45 போடலாம்.

தனி ரிம் ஒரு செட் வாங்குவது ஆடம்பரம் இல்லை. வருடத்துக்கு இரண்டு தடவை ஒரே ரிம்மில் டயரைக் கழற்றி ஏற்றினால் கூலியும் கூட, டயரின் விளிம்பும் கெடும், உங்கள் 18 ரிம்மை உப்பும் தின்னும். பாவித்த ரிம் வாங்குவது தப்பே இல்லை, ஆனால் 'மூன்றாம் சீரிஸ் ரிம்' என்று போட்டிருந்தாலே போதும் என்று காசைக் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் மாடலுக்கு போல்ட் வட்டம் 5×120 (120 மி.மீ. வட்டத்தில் ஐந்து போல்ட்), நடுத்துளை 72.6 மி.மீ. 2019க்குப் பிந்தைய மூன்றாம் சீரிஸ் ரிம் 5×112, அது ஏறவே ஏறாது. வேறு நிறுவன ரிம் என்றால் நடுத்துளைக்குச் சரியான வளையமும் அந்த ரிம்முக்கு ஏற்ற போல்ட்டும் கேட்டு வாங்க வேண்டும்.

காற்றழுத்த சென்சரும் புது செட்டில் போட்டுவிடுங்கள். கனடாவில் சட்டப்படி கட்டாயம் இல்லை, போடாமலும் ஓடலாம். போடாவிட்டால் மஞ்சள் விளக்கு குளிர்காலம் முழுக்க எரிந்துகொண்டிருக்கும், அப்புறம் உண்மையிலேயே காற்று இறங்கும்போது கவனிக்க மாட்டீர்கள். ரன்ஃப்ளாட் வின்டர் டயருக்கு விலை அதிகம், சவாரியும் கடினம். சாதாரண டயரே போதும். ஆனால் உங்கள் காரில் மேலதிக டயர் கிடையாது என்பதை மறக்க வேண்டாம்: சின்னக் கம்பிரசரும் ஓட்டை அடைக்கும் செட்டும் டிக்கியில் இருக்கட்டும், இழுத்துச் செல்லும் சேவை ஒன்றிலும் சேர்ந்துகொள்ளுங்கள்.

ஆணி டயர் பேச்சு பாரியில் இருப்பவருக்குச் சீக்கிரம் முடிந்துவிடும். ஒன்ராறியோவில் அது வட பகுதி வாசிகளுக்கு மட்டும்தான் அனுமதி. நீங்கள் சிம்கோ கவுன்ரி, அந்த எல்லைக்குள் வரவில்லை. வந்தாலும் தினமும் காய்ந்த நெடுஞ்சாலையில் ஓடுகிறவருக்கு நான் சொல்ல மாட்டேன்; சத்தம் காதைப் பிளக்கும்.

மண் மூட்டை யோசனை பிக்கப் டிரக்கிலிருந்து வந்தது. பின்னால் வெறும் தட்டோடு ஓடுகிற பிக்கப்புக்கு அது தேவை. உங்கள் காரில் பாரம் ஏற்கெனவே பாதி பின்னால் இருக்கிறது. டிக்கியின் கடைசியில் மூட்டையைப் போட்டால் அது பின் அச்சுக்கும் அப்பால் தொங்குகிற பாரம்: முன் சில்லுகளை இலேசாக்கும், வால் ஒரு முறை வெட்டத் தொடங்கினால் அதை இன்னும் வேகமாக இழுத்துக்கொண்டு போகும். மோதல் நடந்தால் கட்டாத மூட்டை பின் சீட்டைத் தள்ளிக்கொண்டு வரும். அதைவிடப் பெற்றோல் தாங்கியை அரைவாசிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். அது பின் சீட்டுக்கு அடியில், அச்சுக்கு முன்னால் இருக்கிறது; 60 லீட்டரும் நிரம்பினால் 45 கிலோ அளவில் வரும், அதுவும் சரியான இடத்தில். 400 மூடப்பட்டு மணிக்கணக்கில் காருக்குள் இருக்க நேர்ந்தாலும் ஹீட்டர் போட எண்ணெய் இருக்கும். ஒரு சின்னப் பை மண்ணும் மடக்கு மண்வெட்டியும் மட்டும் டிக்கியில் வையுங்கள். சில்லு சுற்றிக்கொண்டு நின்றால் டயருக்கு முன்னால் தூவுவதற்கு.

விளம்பரத்தில் வருகிற பாவித்த டயரைப் பார்க்கப் போவதென்றால் பகல் வெளிச்சத்தில் போங்கள். பக்கச்சுவரில் டிஓடி என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசி நாலு இலக்கம் செய்த வாரமும் வருடமும்: 3821 என்றால் 2021ஆம் ஆண்டின் 38ஆவது வாரம். இந்த நாலு இலக்கம் டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கலாம், ரிம்மில் ஏற்றியிருந்தால் உள்பக்கமாகப் போயிருக்கும். விற்பவர் 'எழுத்து அழிந்துவிட்டது' என்றால் குனிந்து உள்பக்கம் பாருங்கள். ஆறு வயதைத் தாண்டிய வின்டர் டயருக்கு நான் காசு கொடுக்க மாட்டேன், பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் சரி. ரப்பரின் மென்மைதானே நாம் வாங்குவது.

ஆழத்துக்கு 25 சத நாணயம் ஒன்று போதும். கலைமானின் மூக்கு கீழ்நோக்கி இருக்கும்படி பள்ளத்துக்குள் விடுங்கள். மூக்கு நுனி வெளியே தெரிந்தால் அந்த டயருக்கு இன்னொரு குளிர்காலம் கிடையாது. சட்டம் இன்னும் தேய விடும்தான், ஆனால் 4 மி.மீ.க்குக் கீழே போன டயரைப் பனியில் ஓட்டாதீர்கள் என்று கனடாப் போக்குவரத்துத் துறையே சொல்கிறது. சில மாடல்களில் அந்த விசேஷ ரப்பர் மேல் பாதியில் மட்டும்தான், தேயத் தேயக் கீழே வருவது சாதாரண ரப்பர். இவ்வளவையும் பார்த்து, நான்கும் ஒரே மாடலாக, ஒரே வயதாக, ஒட்டுப் போடாததாக இருந்தால் எடுங்கள். இரண்டு ஒரு மாதிரியும் இரண்டு வேறு மாதிரியும் என்றால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

பூட்டும் நாளில் பக்கச்சுவரில் இருக்கிற அம்புக்குறியைப் பாருங்கள், பல டயர்கள் ஒரு திசையில்தான் சுற்ற வேண்டும். அவசரத்தில் இடம் வலம் மாற்றிப் பூட்டிவிடுவது நடக்கிற விஷயம்தான். காற்று எவ்வளவு என்பது ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும். சூடான கராஜுக்குள் சரியாக அடித்தது வெளியே வந்ததும் குறையும். குளிர் 5, 6 டிகிரி இறங்க இறங்க ஒரு பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) போய்விடும். அதனால் காலையில் கார் ஓட முன்னரே பாருங்கள், மாதத்துக்கு ஒரு தடவையாவது.

முதல் சில நூறு கிலோமீட்டர் புது டயரின் மேல் மினுக்கம் தேயும்வரை நிதானமாக ஓட்டுங்கள். காலையில் கிளம்பும்போது ஈகோ புரோ என்ற ஓட்ட முறையில் போட்டுக்கொள்ளுங்கள், அக்சிலரேட்டர் மெத்தென்று இருக்கும். கார் சறுக்காமல் பார்த்துக்கொள்ளும் டிஎஸ்சியை அணைக்கவே வேண்டாம். ஆழப் பனியில் சிக்கிச் சில்லு அசைய மறுத்தால் மட்டும் அந்தப் பொத்தானை ஒரு தரம் சுருக்காக அழுத்துங்கள். டிடிசி என்று வரும், சில்லைக் கொஞ்சம் சுற்ற விட்டு வெளியே எடுக்கும். வெளியே வந்ததும் மறுபடியும் அழுத்தி டிஎஸ்சிக்குத் திரும்பிவிடுங்கள். இடம் கிடைத்தால் ஒரு ஞாயிறு காலை வெறும் கார் தரிப்பிடத்தில் 30இல் போய் பிறேக்கை முழுதாக மிதித்துப் பாருங்கள். சில்லு பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கால் அடியில் அதிர்வது எப்படி என்று அங்கேயே பழகிக்கொண்டால், ரோட்டில் அதிரும்போது பயந்து காலை எடுக்க மாட்டீர்கள்.

ஒக்டோபர் நடுவிலேயே கடையில் நாள் குறித்துவிடுங்கள். முதல் பனி கொட்டிய மறுநாள் எல்லாரும் வருவார்கள், உங்கள் அளவு தீர்ந்திருக்கும். கழற்றுவது ஏப்ரல் நடுவில். கழற்றும்போது எந்தச் சில்லு எந்த இடத்தில் இருந்தது என்று சோக்கால் எழுதி, கறுப்புப் பையில் கட்டி, வெயில் படாத இடத்தில் வைத்தால் அடுத்த வருடம் இடம் மாற்றுவது சுலபம்.

பூட்டி 100 கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்டுகளைத் திரும்ப, இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சால் பார்க்க வேண்டும், புது ரிம் என்றால் கட்டாயம். வோனுக்கு ஒரு முறை போய் வந்தாலே அந்தத் தூரம் தாண்டிவிடும். அதற்குக் காசு கேட்கிற கடை என்றால் அடுத்த வருடம் வேறு கடை பாருங்கள்.